பனியாற்றுக்கு ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ்

பேச்சியம்மாள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போனதாகச் சரித்திரமே கிடையாது. நோயாளி கோவில்பட்டிக்குள் இருந்தாலும் சரி, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி நார்வே நாட்டு மலையொன்றில் படுத்திருந்தாலும் சரி, அந்த நோயாளி ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள பனிக்கட்டியாகவே இருந்தாலும் சரி, அவளுக்குச் சட்டம் ஒன்றுதான்.

தப்பு அவள் புருஷன் திரவியத்தின் மேல்தான். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் லைன்மேனாகக் கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர் அவர். சித்திரை வெயிலில் இரும்புக் கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டே, ஒரு தீப்பெட்டிக் கம்பெனி காலண்டரில் பார்த்த நீலநிறப் பனியை நினைத்துக்கொள்வார். சாவதற்குள் ஒரே ஒரு தடவை அதன்மேல் வெறுங்காலை வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. 2076-இல் ஓய்வு பெற்ற மறுமாதமே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கம்லெபிரீன்னு ஒரு பனியாறு. ஒடம்புக்கு முடியாம இருக்காம். போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

பேச்சியம்மாள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு ஒயர் கூடையை எடுத்தாள். ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், ஒரு டஜன் சாத்துக்குடி, கழுகுமலை முருகன் விபூதி ஒரு பொட்டலம், ஊர்ப் பெருமைக்குக் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட். பனியாறு என்பது ஐஸ் என்று திரவியம் மூன்று விதமாக விளக்கினார். அதெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள் அவள். முடியாமல் கிடக்கிற இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போய் நின்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டாள். ஆஸ்லோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்து யாருக்கு என்று கேட்டபோதும், 'பேஷண்ட்' என்று அவள் சொன்னபோதும், நோயாளியின் பெயர் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டபோதும், திரவியம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அதிகாரி சிரிக்கவில்லை. சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

தேசியப் பூங்காவின் வாசலில் அவர்களைக் கூட்டிப்போக நின்றிருந்தாள் வனக்காவலர் துஷாந்தி. கொள்ளுத்தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பம். பெண் பிறந்து வளர்ந்தது எல்லாம் நார்வே, பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. கண் சிவந்திருந்தது.

"அம்மா, ஐயா, ஒரு விசயம் சொல்ல வேணும். நீங்கள் நல்ல நாளில வரேல்லை," என்றாள். "பனியாறு கதைச்சு இருபத்தொன்பது நாள் முடிஞ்சுது. இண்டைக்கு முப்பதாம் நாள்."

"ஐஸு எப்படிம்மா பேசும்?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"உள்ளுக்கு பத்தாயிரம் ஊசி இறக்கியிருக்கினம். ஐஸ் வெடிக்கிறது, நகருறது, உருகிறது எல்லாத்தையும் அந்த ஊசியள் கேக்கும். ஒரு மூளைப்பெட்டி அதைச் சொல்லா மாத்தும். எந்தப் பாஷையில கேட்டாலும் அந்தப் பாஷையில பதில் வரும்."

"அப்ப பேசுறது ஐஸா, பெட்டியா?" என்றார் திரவியம்.

"இவுக பேசும்போதும் எனக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்," என்றாள் பேச்சியம்மாள். "நீ சொல்லு தாயி."

துஷாந்தி நடந்துகொண்டே சொன்னாள். பேசுகிற எதுவும் சட்டப்படி ஓர் ஆள். ஆளென்றால் அதை வெட்டவோ விற்கவோ முடியாது. அது வாய் திறந்து சரி என்று சொல்லாமல் அதன்மேல் யாரும் காலைக்கூட வைக்க முடியாது. ஆனால் முப்பது நாள் தொடர்ந்து பேசாவிட்டால் அது ஆள் இல்லை.

"பின்னேரம் ஆறு மணிக்குள்ள ஒரு சொல்லாவது கதைக்க வேணும். இல்லாட்டி வெறும் ஐஸ். கீழ மூண்டு லொறி நிண்டதைப் பாத்தனீங்கள்தானே? தண்ணிக் கம்பெனிக்காரர். ஆறு மணி அடிக்க வெட்டத் தொடங்கிடுவினம். ஆயிரம் வருசத்துத் தண்ணியெண்டு போத்தில்ல அடைச்சு விக்கப் போகினம்."

திரவியம் லாரிகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். வெட்டப்படப் போகிற பனியாற்றுக்காக வருந்தினாரா, சரி என்று அது சொல்லாததால் நிறைவேறாமல் போகிற தன் ஆசைக்காக வருந்தினாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டும்தான்.

"ஏன் பேச மாட்டேங்குது?"

"வாற ஆக்கள் எல்லாரும் அழுறது, ஐயா. கடைசியாப் பாக்க வந்தனாங்கள் எண்டு சொல்லிக் கட்டிப்பிடிச்சு அழுதுபோட்டு, படமெடுத்துக்கொண்டு போறது. போன மாசம் ஒரு கவிஞர் வந்தவர். அதுக்கு முன்னால நிண்டு நாப்பது நிமிசம் இரங்கல் கவிதை வாசிச்சவர். அதோட வாயை மூடினதுதான். மருத்துவர், பாட்டுக்காரர், மந்திரி, எல்லாரும் வந்து கெஞ்சியாச்சு."

"உயிரோட இருக்கறவுக முன்னாடி நின்னா எழவுப் பாட்டு படிச்சாரு?" பேச்சியம்மாள் நின்றேவிட்டாள். "நல்லா வெளங்கும்."

மலைப்பாதை நெடுகிலும் கற்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வருஷம். அந்த வருஷத்தில் பனியின் விளிம்பு அதுவரை வந்திருந்தது என்று அர்த்தம். 1930 என்ற கல் வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1980-க்கு அரை மணி நேரம் ஏற வேண்டியிருந்தது. 2010-இல் பேச்சியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அன்றைக்கு வழி முழுக்க அவள் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் வந்தாள், திரவியம் அதை மலை ஏறுகிற களைப்பு என்று எண்ணிக்கொண்டார். கடைசியில் 2038 என்று ஒரு கல் வந்தது. அது அவர்களுக்குக் கல்யாணமான வருஷம்.

"நம்ம தாலி கட்டுறப்ப இங்ஙன இருந்திருக்காக," என்று அவள் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மேலே நிமிர்ந்தாள். பனி தொடங்குகிற இடம் இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், மேகத்துக்குக் கீழே ஓர் அழுக்கு வேட்டி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. "எப்பா, இம்புட்டு எளைச்சுப் போயிட்டாகளே."

அதற்குள் பனியாறு அவளுக்கு மரியாதைப்பட்ட மனிதராகிவிட்டது.

பக்கத்து மலையில் வெறும் கருங்கல் பள்ளம் ஒன்று தெரிந்தது. அது என்ன என்று கேட்டார் திரவியம்.

"அதில இதின்ர தங்கச்சிப் பனியாறு இருந்தது," என்றாள் துஷாந்தி. "போய்ப் பதினொரு வருசம்."

அவர்கள் பனியின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அருகில் போகப் போகத்தான் நீலம் தெரிந்தது. காலண்டரில் அச்சடித்த நீலம் எல்லாம் பொய் என்று திரவியத்துக்குத் தோன்றியது. இது கண்ணுக்குள்ளேயே குளிர்ந்தது. அவர் செருப்பை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் தாண்டக் கூடாதென்று கோடு போட்டிருந்த இடத்தில் கோவில் வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு மஞ்சள் பெட்டி இருந்தது. அதில் பேசினால் பனியாற்றுக்குக் கேட்கும். பெட்டிக்கு அருகே ஒரு பாறையில், சூட் அணிந்த நெட்டை மனிதர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணிக் கம்பெனி அதிகாரி. பேச்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வராந்தாவில் இப்படி ஒரு முகம் இருக்கும், சொத்துக்குக் காத்திருக்கிற மருமகன் முகம். ஆனாலும் மரியாதை மரியாதைதானே. ஒரு சாத்துக்குடியை எடுத்து அவரிடம் நீட்டினாள். மனிதர் நன்றி சொல்லி வாங்கி உரிக்க ஆரம்பித்தார்.

அவள் துஷாந்தி தூக்கி வந்திருந்த மடக்கு நாற்காலியை விரித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கீக அண்ணாச்சி?"

பனியாறு பேசவில்லை.

"ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடெல்லாம் எறங்குதா?" அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யாரும் காத்திருப்பதில்லை. "வார வழியெல்லாம் பாத்தேன், ராத்திரி பகலா தண்ணியாப் போவுது போல. அருவி கணக்கா ஓடுது. சுகர் பாத்தாகளா?"

துஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். திரவியம் மலையைப் பார்த்தார்.

"பாக்கச் சொல்லுங்க. இந்த டாக்டருமாரு நாம சொல்லலைனா பாக்க மாட்டாக. எனக்குத் தெரிஞ்சு எங்க தெருவுல கடலை மிட்டாய்க் கம்பெனி சங்கரபாண்டின்னு ஒருத்தரு. ஒங்கள மாதிரியேதான், நல்ல பெரிய ஒடம்பு. திடீர்னு எளைக்க ஆரம்பிச்சிட்டாரு. ஆஸ்பத்திரில மூணு நாள்னு கெடு சொல்லிட்டாக. உடனே அவரு மருமகன் என்ன செஞ்சான் தெரியுமா?" இங்கே அவள் பாறையில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணீர் அஞ்சலின்னு பேனருக்குச் சொல்லிட்டான். ஆளு உள்ள உசுரோட இருக்காரு. பேனர்க் கடைக்காரன் தேதியத் தப்பா எண்ணி, அன்னைக்குச் சாயங்காலமே கொண்டாந்து ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல கெட்டிட்டுப் போயிட்டான்."

மணி ஐந்தேகால். நிழல் பனியின்மேல் நீண்டுகொண்டு வந்தது.

"இவரு சன்னல் வழியாப் பாக்காரு. எதுத்தாப்புல இவரு மூஞ்சி, பத்தடி ஒயரத்துல. கல்யாண ஃபோட்டோ. பக்கத்துல நின்ன பொஞ்சாதிய வெட்டிட்டானுக. ஆனா தோள்மேல அவ வச்ச கை மட்டும் வெட்டுப்படாம அப்படியே இருக்கு. யாரு கையின்னே தெரியாம ஒரு கை, வளையலோட. சங்கரபாண்டி நர்ஸக் கூப்பிட்டு, 'ஏம்மா, எந்தோள்ல யாரு கை போட்டுருக்கா?'ன்னு கேட்டுருக்காரு. அவ என்ன சொல்லுவா பாவம். இவரு குளுக்கோஸ் ஊசியப் புடுங்கி எறிஞ்சிட்டு, லுங்கியோட மாடிப்படி எறங்கி வந்துட்டாரு. டீக்கடையில இருந்தவனெல்லாம் கிளாஸும் கையுமா அப்படியே நிக்கான். இவரு நேரா ரோட்டத் தாண்டிப் போயி, அந்த பேனருக்கு முன்னால நின்னு, கையத் தூக்கி..."

அவள் நிறுத்தினாள். கூடையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"ஏங்க, இதத் தெறந்து குடுங்க. மூடி இறுகிக் கெடக்கு."

திரவியம் பாட்டிலை வாங்கினார். வாங்கியபின்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவர்கள் வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாக எந்த பாட்டிலின் மூடியையும் அவர் திறந்தது கிடையாது. ஊறுகாய், தைலம், பெயின்ட் டப்பா, எல்லாவற்றையும் திறக்கிறவள் அவள்தான். அவர் திருகிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. பனிக்குள் எங்கோ ஆழத்தில் ஏதோ நெரிந்தது. மஞ்சள் பெட்டி இருமுவது போல ஒரு சத்தம் போட்டது. பிறகு ஆகாசவாணியில் செய்தி வாசிப்பவர் குரலில், சுத்தத் தமிழில் கேட்டது.

"அதன் பிறகு என்ன நடந்தது?"

துஷாந்தி கையிலிருந்த தேநீர்க் குடுவையைக் கீழே போட்டாள். கம்பெனி அதிகாரியின் சாத்துக்குடிச் சுளை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அப்போது மணி ஐந்து நாற்பது.

"இருங்க அண்ணாச்சி," என்றாள் பேச்சியம்மாள் திரும்பாமலேயே. "மூடி வரட்டும்."

"காத்திருக்கிறேன். அவர் கையைத் தூக்கி என்ன செய்தார்?"

"சொல்லுதேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். முப்பத்திமூணு வருசம் வெயில்ல கம்பத்துமேல நின்ன காலு இவுக காலு. ஒரே ஒரு தடவ ஒங்கமேல வச்சுக்கிடட்டுமா?"

பனியாறு யோசித்தது. பனியாறு யோசிக்கிற வேகம் உலகத்துக்கே தெரிந்ததுதான்.

"வைக்கலாம். மெதுவாக."

திரவியம் கோட்டைத் தாண்டினார். வலது காலை வைத்தார். இடது காலையும் வைத்தார். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட மனிதர் மொத்தம் நான்கு விநாடிதான் நின்றார். ஐந்தாவது விநாடியில் 'யாத்தே' என்று அலறிக்கொண்டு பாறைக்குத் தாவி, இரண்டு பாதங்களையும் கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி குளிரால், பாதி சந்தோஷத்தால். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் அழுததில்லை.

பெட்டி ஒரு சத்தம் போட்டது. அது சிரிப்பு என்று துஷாந்தி பிறகு சொன்னாள்.

மூடி கடைசிவரை வரவில்லை. ஐஸின்மேல் எதையும் ஊற்றக் கூடாது என்பது பூங்கா விதி என்பதால், பாட்டிலை வனக்காவலர் குடிசையில் வைத்துவிடச் சொன்னாள் பேச்சியம்மாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

"கதை?" என்று கேட்டது பனியாறு.

"மிச்சத்த ஃபோன்ல சொல்லுதேன் அண்ணாச்சி. ஒரேயடியாப் பேசுனா ஒங்களுக்கும் அசதி. இந்தப் புள்ளகிட்ட நம்பர் குடுத்துட்டுப் போறேன்."

ஃபோனில் பேசினாலும் சட்டப்படி அது பேச்சுதான் என்று துஷாந்தி அதிகாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் மீதிச் சுளைகளைத் தின்று முடித்து, தோலைப் பையில் போட்டுக்கொண்டு, லாரிகளைத் திருப்பச் சொல்லக் கீழே இறங்கினார்.

பஸ்ஸில் திரவியம் மெதுவாகக் கேட்டார். "ஏ பேச்சி, சங்கரபாண்டி மூணாம் நாளே போயிட்டாரே. நாந்தான் பந்தலுக்கு லைன் இழுத்துக் குடுத்தேன்."

"அது அண்ணாச்சிக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள்.

அதற்கப்புறம் மாதாமாதம், சரியாக இருபத்தொன்பதாம் நாள், கோவில்பட்டியில் ஃபோன் அடித்தது. பேச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். சங்கரபாண்டி பதினான்கு மாதமாகத் தூக்கிய கையை இறக்கவில்லை. நடுவில் டீக்கடைக்காரர் மகள் நிச்சயதார்த்தம் வந்தது, பேனர்க் கடைக்காரருக்கும் மருமகனுக்கும் கைகலப்பு வந்தது, தோள்மேல் இருந்த கை யாருடையது என்று தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பனியாறு ஒவ்வொன்றுக்கும் குறுக்குக் கேள்வி கேட்டது. போகப் போக அதன் செய்தி வாசிக்கிற தமிழ் தேய்ந்து, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த ஐஸ் போலப் பேச ஆரம்பித்தது. தண்ணிக் கம்பெனி வேறு மலையைப் பார்க்கப் போனது.

பதினைந்தாவது மாதம் பேச்சியம்மாள் மயங்கி விழுந்தாள். ஊருக்கெல்லாம் சுகர் பார்க்கச் சொன்னவள் தனக்குப் பார்க்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வாசலிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். 'எப்படி ஓடியாடித் திரிஞ்ச பொம்பள' என்று அவள் காதுபடவே அழுதார்கள். ஒரு தம்பி மகன் திரவியத்தை ஓரமாகக் கூப்பிட்டு, அத்தையின் நல்ல ஃபோட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். அது அவள் காதில் விழுந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை, பேச மனசு வரவேண்டும் என்றார் டாக்டர்.

ஒன்பது நாள். அவள் பேச்சு இல்லாத வார்டு திரவியத்துக்குப் பயமாக இருந்தது. பேசாதே பேசாதே என்று முப்பத்தொன்பது வருஷம் சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

விஷயத்தைத் துஷாந்திக்கு அவர்தான் எழுதியிருந்தார். ஒன்பதாம் நாள் காலையில் நார்வேயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், அதே ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே கழுத்துவரை தண்ணீர். கூடவே துஷாந்தியின் சீட்டு: 'ஹார்லிக்ஸைக் கரைச்சுக் குடிச்சிட்டன். இது கிளம்பேக்க ஐஸாத்தான் இருந்தது, ஐயா. பாத்திரத்தை வெறுமையாத் திருப்பி அனுப்பக் கூடாதெண்டு அம்மான்ர அண்ணாச்சியே சொல்லித் தந்தவர். தன்னில இருந்து வெட்ட, தானே ஓம் எண்டவர்.' திரவியம் மூடியைத் திருகினார். வரவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார். அப்போதும் வரவில்லை.

ஃபோன் அடித்தது. அன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள் இல்லை, பன்னிரண்டாம் நாள்தான். அவர் ஃபோனை அவள் தலையணைமேல் வைத்தார்.

"எப்படி இருக்க தங்கச்சி?" என்றது பனியாறு. "தூக்கம் வருதா? சாப்பாடு எறங்குதா? சுகரு இப்ப எம்புட்டு?"

அவள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.

"ரெண்டு வெரலு போச்சாம்லா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. போன கோடையில எனக்கு முன்னந்துண்டு முக்கால் கிலோமீட்டர் போச்சு, நான் பேசலையா? எனக்கும் கூடப்பொறந்தவ ஒருத்தி, அடுத்த மலையில. அவளுக்கும் இதே சீக்குதான், நுனியில இருந்து ஒண்ணொண்ணா உதிர ஆரம்பிச்சுது. கெடு சொல்லிட்டாக. அந்தக் கவிஞரு இருக்காருல்லா, அவரு அவகிட்டயும் வந்துட்டாரு. கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு முன்னால நின்னு காகிதத்த விரிக்காரு. லொக்கு லொக்குன்னு ஒரு இருமல் வேற. இவ பாத்தா. நல்லாப் பாத்தா. அவரு மொத வரிய ஆரம்பிச்சதும் அப்படியே மேல இருந்து..."

ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"செத்த இரு தங்கச்சி. இங்ஙன ஒரு மூடி இறுகிக் கெடக்கு."

கருங்கல் பள்ளம் திரவியத்தின் ஞாபகத்துக்கு வந்தது. போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்ட தங்கச்சி. அவர் வாயே திறக்கவில்லை.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. கட்டில் நெரிந்தது. பேச்சியம்மாள் இந்தப்பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு ஏது அண்ணாச்சி கையி?" குரல் துருப்பிடித்த கொண்டி போல வந்தது. "மூடியாம் மூடி."

அவள் ஃபோனைக் காதுப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, மேல இருந்து என்ன செஞ்சா? அந்தக் கவிஞரு என்ன ஆனாரு?"

"அடுத்த மாசம் சொல்லுதேன்," என்றது பனியாறு. "ஒரேயடியாப் பேசுனா ஒனக்கும் அசதி."

பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். ஃபோனைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு புருஷன் பக்கம் கையை நீட்டினாள். துண்டும் பாட்டிலுமாகப் போராடிக்கொண்டிருந்த திரவியம் அதை அவளிடம் கொடுத்தார். அவள் ஒரே திருகில் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இத லேசாச் சூடுபண்ணி ஹார்லிக்ஸ் போட்டுக் கொண்டாங்க," என்றாள். "சீனி வேண்டாம்."